குறிப்புக் கட்டத்தில் போட்ட கோடு

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். என்னைவிட ஒரு சாண் உயரமானவளை இன்னும் பொடிசு என்கிறேனே என்று சிரிக்காதே, எனக்கு வேறு பெயர் வாயில் வராது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதையாவது இழுத்தால் நீ 'பரவால்லம்மா, விடு' என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவாய், நானும் அதுதான் சாக்கென்று விட்டுவிடுவேன். நான்கு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. முதலில் வீட்டுச் சமாசாரம். நீ கேட்டாயே, சமையலறைக் குழாய் சரியாகிவிட்டது. உன் சித்தி மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க என்று சொல்லச் சொன்னால், நான் வாயைத் திறக்காமல் விரலை மடக்கி ஐந்தைந்தாக எண்ணிக்கொண்டு நின்றேனாம். உன் அப்பா பக்கத்தில் வந்து 'ரிட்டயர் ஆயி மூணு வருஷம் ஆச்சு, கைய இறக்கு' என்று காதோரம் சொன்னார். முப்பத்தோரு வருஷம் ரோட்டோரம் ஸ்டூல் போட்டு வண்டி எண்ணின கை, சொன்னதும் இறங்கிவிடுமா. கல்யாணத்துக்கு வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், நீ வரவில்லை.

புது ரோடு எப்படி இருக்கிறது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அகலமாக, வழவழவென்று, நடுவில் செடி வைத்து, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஆரம்பித்து, வளைவில் நின்ற மரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, நம் வீட்டுக்குப் பின்னால் சதுப்பு இருந்ததே, அதை இரண்டு ஆள் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கி, அதன் மேலே போகிறது. கொக்கு நிற்கும் இடத்தில் இப்போது வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நிற்கிறது. உன் அப்பா ஓட்டின பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். முதலில் நம் தெருக்களுக்குள் வராமல் புது ரோடு வழியாகவே போகச் சொன்னார்கள், சீக்கிரம் போய்விடலாமாம். உள்ளே இருக்கிற ஜனங்கள் மேட்டு ரோடு வரை நடக்க முடியாமல் ஆளுக்கொரு வண்டி வாங்கினார்கள். அப்புறம் பஸ்ஸில் ஆளே இல்லை என்று எழுதி வழித்தடத்தையே எடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் ஒரே வழியில் ஓட்டின மனுஷன் இப்போது டிப்போவில் சாவி வாங்கி வைத்துச் சாவி எடுத்துக் கொடுக்கிறார். தையல்கார அக்கா கடை வளைவு மரத்தடியில் இருந்ததே, அது இப்போது மொட்டை வெயிலில் தகரத்துக்கு அடியில் கிடக்கிறது. காலையில் பத்து மணி வரைக்கும் தைக்கிறாள், அப்புறம் அஞ்சு மணிக்கு மேல்தான் கடை. போன வாரம் என்னைப் பிடித்து நிறுத்தி 'உங்க பொண்ணு அன்னைக்கு ரோட்டுக் கூட்டத்துல பேசினப்ப சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி, அத மட்டும் அதுகிட்ட சொல்லிராதீங்க' என்றாள். சொல்லிவிட்டேன். அவளாவது ஒப்புக்கொண்டாள்.

போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அதையும் உன்னிடம் மறைத்தோம். மழையும் இப்போதெல்லாம் மழையாகவா பெய்கிறது, மூன்று மாதம் பெய்ய வேண்டியதை மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. முன்னே என்றால் அவ்வளவும் சதுப்பில் போய் நிற்கும், நாம் ஜன்னலில் நின்று தவளைச் சத்தம் கேட்போம். இப்போது ரோட்டு மேடு அணை மாதிரி நிற்கிறது, தண்ணீருக்குப் போக இடமில்லை, பின்வாசல் வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கட்டில் கால் பாதி முங்கியது. உன் அப்பா ஃபிரிட்ஜைத் தூக்குகிறேன் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வடிந்ததும் உன் அறைக் கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியை இழுத்தேன், அடி கழன்று கையோடு வந்தது. உன் நோட்டுகள். நீ போகும்போது தூக்கிப் போட்டுவிடச் சொன்னாய், நான் போடவில்லை. பதினொரு நோட்டு. மொட்டை மாடியில் விரித்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நோட்டுக்கொரு செங்கல் வைத்துக் காய வைத்தேன். அதுவரை நான் உன் நோட்டைத் திறந்து பார்த்தவள் இல்லை, அன்றைக்குப் படிக்காமல் பிரிக்க முடியவில்லை. நீ வரைந்திருந்த சதுப்பின் படம், சேறு எவ்வளவு ஆழம், அந்தச் சேறு எத்தனை காலத்துப் புகையை விழுங்கித் தனக்குள் வைத்திருக்கிறது, அதைக் கிளறினால் எவ்வளவு வெளியே வரும், தார் காய்ச்ச எவ்வளவு, சிமென்டுக்கு எவ்வளவு, ரோடு திறந்தபின் வருகிற வண்டிகளுக்கு எவ்வளவு என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தாய். இத்தனையையும் இந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினாயா என்று இருந்தது. நான் அப்போது அடுத்த அறையில் டீவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஒன்பதாவது நோட்டில், ரோட்டுக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்து நாள் தேதி போட்டு ஒரு பக்கம். நடுவில் பெரிதாக 18,640 என்று எழுதி, சுற்றிச் சுற்றி வட்டம் போட்டு, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருக்கிறாய். பக்கத்தில் 'இது எப்படி?' என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே வேறு பேனாவில், சின்ன எழுத்தில், 'அம்மா எண்ணினது. அப்போ நான்தான் தப்பு' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த நோட்டு முழுக்க வெறும் தாள், அடுத்த இரண்டு நோட்டும் வெறும் தாள். பொடிசு, நான் அங்கேயே செங்கலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா கீழே இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறி வந்தார், ஏன் அழுகிறாய் என்று கேட்டார், வெயில் கண்ணைக் குத்துகிறது என்றேன்.

நீ தப்பு இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தப்பு நான். எப்படி என்று சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி. வண்டி எண்ணுகிற தாள் உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கோடு போட்டுக் குறுக்கே அஞ்சாவது கோட்டை நான்தான் இழுப்பேன் என்று அடம் பிடிப்பாய். இரண்டு சக்கரத்துக்கு ஒரு கட்டம், காருக்கு ஒரு கட்டம், பஸ், சின்ன லாரி, பெரிய லாரி என்று வரிசையாக இருக்கும், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அன்றைக்கு ரோட்டில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் அதில் எழுத வேண்டும். யாரும் எழுத மாட்டோம். எழுதினால் அந்த வாரத்துத் தாள் மொத்தத்தையும் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும், எண்ணுகிற நாங்கள் ஆறு பேரும் மறுபடி ஏழு நாள் வெயிலில் உட்கார வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தந்த பாடம், 'குறிப்புல கதை எழுதாதீங்க, ஒரு கோடு போட்டுட்டு எழுந்து வாங்க' என்பதுதான். எல்லோரும் போடுவோம், படுக்கையாக ஒரு சின்னக் கோடு. முப்பத்தோரு வருஷத்தில் நான் போட்ட கோடுகளில் பெரும்பாலானது நியாயமான கோடுதான், ஒன்றும் நடக்காத நாளில் போட்டது. ஒரு வாரம் மட்டும் அப்படி இல்லை.

அந்த வாரம் ஆற்றுப் பாலத்தை ரிப்பேருக்காக மூடியிருந்தார்கள். ஒன்பது நாள். பெரிய ரோட்டில் போகிற லாரி, பஸ், கார் அத்தனையும் சுற்றிக்கொண்டு நம் சந்திப்பு வழியாக வந்தது. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய், உனக்குத் தெரிய வழியில்லை. கோடு போட்டுப் போட்டு என் கட்டை விரல் வீங்கிவிட்டது. ஒன்றும் கூட்டி எழுதவில்லை, வந்த வண்டியைத்தான் எண்ணினேன். ஏழாம் நாள் சாயங்காலம் தாளைக் கட்டும்போது குறிப்புக் கட்டத்தில் பாலம் மூடல் என்று எழுதத்தான் போனேன். 'பா' என்று எழுதியும் விட்டேன். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் உன் பட்டமளிப்பு. தாள் திரும்பி வந்தால் அந்த வாரம் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும், லீவு கிடைக்காது. நீ வேறு மூன்று தடவை போன் பண்ணி 'வந்துருவல்லம்மா, முன்னாடி வரிசைல உக்காரணும்' என்று சொல்லியிருந்தாய். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு ஒரு கோடு போட்டேன். பட்டமளிப்புக்கு வந்தேன். முன் வரிசையில் உட்கார்ந்தேன். கறுப்பு அங்கியில் நீ என்னைத் தேடிப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. இப்போதெல்லாம் அந்தப் பக்கத்து விளக்கை நான் போடுவதில்லை.

அந்தத் தாள் எங்கே போனது, யார் கூட்டினார்கள், எதனால் பெருக்கினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒன்றரை வருஷம் கழித்துப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நீ அன்றைக்கு எவ்வளவு நன்றாகப் பேசினாய் தெரியுமா. குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. ரோடு அகலமானால் நெரிசல் குறையாது, வண்டி கூடும், வண்டி கூடினால் புகை கூடும், அது வெயிலாகவும் மழையாகவும் நம் வீட்டுக்கே திரும்பி வரும் என்றாய். 'அம்பது வருஷப் புகைக்கு இப்பவே சீட்டு ரிசர்வ் பண்றீங்க, அதுக்குப் பதிலா பஸ்ஸ கூட விடுங்க' என்றாய். யாரோ ஒருத்தர் 'ஏம்மா, நம்ம ஊரு புகைலயா உலகத்துக்கே சூடு ஏறுது' என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். 'எல்லா ஊர்லயும் இதே கேள்விய கேட்டுத்தாண்ணே ஏறுச்சு' என்றாய், சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. அப்புறம்தான் ரோட்டுக்குத் திட்டம் போட்ட எஞ்சினியர் எழுந்து, ஒரு நாளைக்கு 18,640 வண்டி என்று திரையில் போட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பதினோராயிரம், இப்போது இது, இந்த வேகத்தில் போனால் பழைய ரோடு மூச்சு முட்டிச் செத்துவிடும் என்றார். நீ விடவில்லை, நான் இதே ரோட்டில் வளர்ந்தவள், இவ்வளவு வண்டி வர வாய்ப்பில்லை, எந்த வாரம் எண்ணினீர்கள் என்று கேட்டாய். அவர் பொறுமையாகச் சிரித்துக்கொண்டு 'மெஷின் எண்ணல தங்கச்சி, உங்க ஊர் ஆளுங்களே உக்காந்து எண்ணினது, கோடு கோடா தாள் இருக்கு, குறிப்பு எதுவும் இல்ல' என்றார். நீ திரும்பி மூன்றாவது வரிசையில் என்னைப் பார்த்தாய்.

அந்தப் பார்வையை நான் எப்படி மறப்பேன். சந்தேகமே இல்லாத பார்வை அது, அம்மா எழுந்து ஏதாவது சொல்வாள் என்ற பார்வை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது, பாலம், 'பா', ரப்பர், எல்லாம். எனக்கு முன்னால் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார், அவருடைய கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன். ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம், தாளில் பொய்க்கோடு போட்டேன் என்று எழுந்து சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே குனிந்து என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். நீ உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் தட்டைக்கூடத் தொடாமல் என் எதிரில் நின்று 'அம்மா, அந்த நம்பர் சரிதானா' என்று கேட்டாய். நான் எண்ணினது எண்ணினதுதான் என்றேன். பொடிசு, அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதனால்தான் அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. நீ தலையை ஆட்டிவிட்டு 'நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாய். மூன்று மாதத்தில் அந்தத் தூர தேசத்து வேலையை ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டாய். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து யார் யாருக்கோ விமான டிக்கெட் பதிவு செய்கிறாய். விமானம் விடுகிற புகையை நினைத்து அதில் ஏறுவதற்கே யோசிக்கிற பெண் நீ. படித்த படிப்பு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் 'அதெல்லாம் எனக்கு வரலம்மா, கணக்கே தப்பாப் போட்டேன்' என்கிறாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் போனின் இந்தப் பக்கம் சும்மா இருந்தேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை.

நோட்டைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய அட்டையை எடுத்துத் தாள் செருகி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சந்திப்புக்குப் போனேன். யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிறவர் 'என்னம்மா, மறுபடி வேலைக்குக் கூப்ட்டாங்களா' என்று கேட்டார், ஆமாம் கூப்பிட்டார்கள் என்றேன். பழைய ரோட்டை நான் எண்ணினேன், புது ரோட்டை எண்ண உன் அப்பாவை லீவு போடச் சொல்லி உட்கார வைத்தேன். அவர் பஸ்ஸுக்கு மட்டும் ஆசையாகப் பெரிய கோடாகப் போடுவார், அதற்கு ஒரு தடவை சண்டை போட்டோம். நாலாம் நாள் டீ குடிக்கும்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு 'பாலம் மூடின வாரம் என் பஸ்ஸும் உன் முன்னாடிதான் சுத்திக்கிட்டுப் போச்சு, அந்த நம்பர்ல நானும் ரெண்டு மூணு கோடு இருப்பேன்' என்றார். அப்புறம் எழுந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டு புது ரோட்டுப் பக்கம் போய்விட்டார். ஏழு நாள் முடிந்து இரண்டு ரோட்டையும் கூட்டினால் ஒரு நாளைக்குப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வருகிறது. பழைய ரோடு கொஞ்ச நாள் காலியாகக் கிடந்து, மறுபடி நிறைந்துவிட்டது. புது ரோடும் நிறைந்துவிட்டது. நீ ஏழாவது நோட்டில் எழுதியிருக்கிறாய், ரோடு போட்டால் மூன்று வருஷத்தில் இருபதாயிரத்தைத் தொடும் என்று. உன் கணக்கு சரி. என் பொய் எண்ணும் இப்போது கிட்டத்தட்ட நிஜமாகிவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லாத வண்டிக்கு ரோடு போட்டோம், ரோட்டைப் பார்த்து வண்டி வந்துவிட்டது.

சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். மனுஷருக்குப் பாவம் காது சரியாகக் கேட்கவில்லை, மற்றபடி அதே ஆள்தான். விஷயத்தைச் சொன்னதும் 'இப்ப எதுக்கும்மா பழசக் கிளர்றீங்க' என்றார். என் புதுத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து 'பாத்தீங்களா, நம்ம நம்பர் சரியாத்தான் வந்திருக்கு, இதுல என்ன குத்தம்' என்றாரே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று நேராக ஆபீஸ் பழைய தாள் அறைக்குப் போனேன். மனு எழுதிக் கொடுத்து, இரண்டு தடவை நாளைக்கு வா என்று அலைய விட்டு, மூன்றாவது தடவை அந்த வாரத்துக் கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். மேல் தாளில் குறிப்புக் கட்டத்தில் என் கோடு மட்டும் சுத்தமாக இருக்கிறது. அடியில் கார்பன் பேப்பர் வைத்து எடுத்த நகல் இருக்கிறதே, ரப்பர் அதைத் தொடவில்லை. அதில் நீலமாக 'பா' அப்படியே நிற்கிறது, அதன் மேலேயே கோடு விழுந்திருக்கிறது. ஆறு வருஷமாக இருட்டில் அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த அறைக்காரர் என்னம்மா ஆச்சு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ரோட்டுக்கு இரண்டாம் கட்டம் வருகிறது பொடிசு, சதுப்பில் மிச்சமிருக்கிற கீழண்டைப் பாதியும் போகப் போகிறது. வண்டி கூடிவிட்டதாம், அதனால் இன்னும் ரோடு வேண்டுமாம். அதற்கு அடுத்த மாதம் அதே பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். நான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, நகல் தாளின் பிரதியையும் உன் ஏழாவது நோட்டுப் பக்கங்களின் பிரதியையும் வைத்து, கையெழுத்துப் போட்டு எஞ்சினியரிடம் கொடுத்துவிட்டேன். அதே எஞ்சினியர்தான், இப்போது பெரிய அறை. முழுக்கப் படித்தார். கோபப்படவில்லை. 'முதல் கட்டம் முடிஞ்சு போச்சும்மா, போட்ட ரோட்ட சுருட்டி வைக்க முடியுமா' என்றார். சுருட்ட வேண்டாம், அடுத்ததை விரிக்காதீர்கள் என்றேன். இதனால் உங்களுக்கே தொந்தரவு வரலாம், பென்ஷன் விவகாரம் எல்லாம் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அதை எல்லாம் ஒரு கூட்டத்தில் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே யோசித்து முடித்துவிட்டேன் என்று வாய் வரை வந்தது, அவருக்கு என்ன புரியும் என்று விட்டுவிட்டேன். சீல் குத்திக் கொடுத்தார். கூட்டத்தில் நான் பேசுவேன். முன் வரிசையில் உட்காருவேன். அதனால் ரோடு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, உனக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன், பொய் கொடுத்தது போதும். போன சதுப்பு வராது, அதன் மேல் போகிற புகை அடுத்த அம்பது வருஷத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், அதில் உன் நாலு வருஷமும் போயிற்று. இதை எல்லாம் நான் எந்தத் தாளில் எழுதிச் சரி செய்வேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், உன் குணம் அது. அதனால் எழுதவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காமல் இரு, நான் மணி அடித்து ஓய்ந்ததும் வைத்துவிடுகிறேன். ஊருக்கு வா என்றும் சொல்ல மாட்டேன், படிப்பை மறுபடி எடு என்றும் சொல்ல மாட்டேன், அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. உன் கணக்கு சரி என்பது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும், அதுவும் என் வாயால் தெரிய வேண்டும். அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், குளிருக்கு நல்ல காலுறை வாங்கிக்கொள்ளச் சொன்னார். எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து, நினைத்ததைச் சொல்லிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இரு, என் ஆயுசையும் சேர்த்து இரு. இந்தக் கடிதத்தோடு ஒன்பதாவது நோட்டையும் பார்சலில் வைத்திருக்கிறேன். தாள் கொஞ்சம் அலை அலையாக இருக்கும், தண்ணீரில் நனைந்தது. அந்த 18,640-க்குப் பக்கத்தில் 'இது எப்படி?' என்று நீ கேட்டதற்கு எதிரே, அந்த வாரம் ஆற்றுப் பாலம் மூடியிருந்தது என்று எழுதித் தேதி போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே 'அப்போ நான்தான் தப்பு' என்று இருக்கிற வரியை நான் தொடவில்லை, அது உன் கையெழுத்து, அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை. மறந்துவிடாதே, நோட்டு வந்து சேர்ந்த அன்றைக்கே ஒரு பேனா எடுத்து, சின்ன வயதில் அஞ்சாவது கோடு இழுப்பாயே அப்படி, குறுக்கே இழுத்து அந்த வரியை அடித்துவிடு.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் எண்ணிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட
உன் அம்மா